ஒரு பல்கலைக்கழக வளாகம் எல்லா மாணவர்களையும் சமமாக ஏற்கிறதா என்று சேருவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் விடுதியைப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த தோரட் குழு, அவர்கள் விடுதியின் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை 2007இல் பதிவு செய்தது. இதெல்லாம் எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் வராது. அதனால் யார் யாரோடு அறையைப் பகிர்கிறார்கள், மெஸ்ஸில் யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று சீனியர்களிடமே கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். வசதியாக இருப்பவருக்கு அடுத்தவரின் சங்கடம் பெரும்பாலும் கண்ணில் படாது.

அப்புறம், பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012இலேயே விதி வகுத்தது. பெயர்ப்பலகை இருந்தால் போதாது. அவர் யாரென்று மாணவர்களுக்குத் தெரியுமா? புகார் கொடுத்தவர் நிம்மதியாகப் படிப்பை முடித்தாரா? என்னைக் கேட்டால், இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக எடை தருவேன்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் வாசலோடு நிற்கிறதா, வகுப்பறை வரை போகிறதா என்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள்.