நான்கு எழுத்தும் ஒரு நேவி ப்ளூவும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருடமாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். துணி வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதிகம் பேசமாட்டேன். போன மாதம் ஆன்லைனில் ஆளுமைச் சோதனை எழுதினேன். ‘ஐ.எஸ்.டி.ஜே.’ என்று வந்தது. கணக்கு, நூலகம் போன்ற வேலைகள்தான் பொருந்துமாம். வீட்டிலும், “ஊமையாட்ட இருக்கற புள்ளைக்கு எதுக்கு அம்மிணி பையர்கிட்டப் பேசற வேல?” என்கிறார்கள். லேப் டிப், அதாவது மொத்தத் துணிக்குச் சாயம் ஏற்றுமுன் வரும் மாதிரித் துண்டின் நிறம், பார்ப்பது மட்டும் பிடிக்கும். சென்ற வாரம் ஒரு நேவி ப்ளூ, கடை விளக்கில் சிவப்பு அடிப்பதை நான்தான் பிடித்தேன். வேலையை விட்டுவிடலாமா?

எஸ்., அவிநாசி

அன்புள்ள எஸ்.,

இப்போதைக்கு விடாதீர்கள்.

அந்த நான்கெழுத்து முறை, மனநல மருத்துவர் யுங் 1921-ல் எழுதிய நூலை வைத்து கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உண்டாக்கியது. இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்ல. அதைக்கூட மன்னிக்கலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் கோடு போட்டு ஆட்களை இரண்டாகப் பிரிப்பதுதான் சிக்கல். நம்மில் பலர் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பவர்கள். அடுத்த மாதம் எழுதினால் ஓரெழுத்து மாறிவிடும். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-ல் சொன்னது எனக்கு உருப்படியாகப் படுகிறது. ஆட்களை ஆறு வகையாகப் பிரித்தவர், வேலையிடங்களையும் அதே ஆறாகப் பிரித்தார். உட்காருகிறவரைப் பார்த்தால் போதாது, நாற்காலியையும் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் நாற்காலி எது? பையரோடு நேரில் பேசுவது மாதத்தில் எத்தனை மணி நேரம்? மீதியெல்லாம் மெயில், எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று காட்டும் ‘டி அண்ட் ஏ’ சார்ட், நூல் வந்ததா, டையிங் போனதா என்கிற துரத்தல். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு துண்டுத் துணி, டி.எல்.84 என்கிற கடை விளக்கைப் போட்டதும் வேறுவேறாகிவிடும். அதைப் பிடிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும். நீங்கள் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், மொத்தத் துணியும் சாயம் ஏறி வந்த பிறகல்லவா தெரிந்திருக்கும்?

அப்புறம், பேசாதவர்களுக்கு வியாபாரம் வராது என்று நம் ஊரில் யார் சொன்னது? சின்ன வயதில் அப்புச்சியோடு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போவேன். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலையை முடிப்பார்கள். அங்கே அப்புச்சி வாயைத் திறந்தது வெற்றிலை போடத்தான்.

ஒன்று செய்யுங்கள். எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதற்குப் பிறகு தலைவலி வந்தது என்று இரண்டு வாரம் டைரியில் குறியுங்கள். தலைவலியெல்லாம் மீட்டிங் பக்கம் என்றால், சாம்பிளிங், ஷேடு அப்ரூவல் பக்கம் மாற்றிக் கேளுங்கள். மேனேஜரால் என்றால், அதற்கு வேறு கடிதம் எழுதுங்கள்.