தொழ இடம் கொடுத்தும் ஆள் நிற்கவில்லையே?

கேள்வி: ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். 40 பேர், பெரும்பாலும் நம் ஜமாஅத்து ஆட்கள். தொழ இடம் உண்டு, ஜும்ஆவுக்கு மெஷினை நிறுத்திவிடுவோம், நோன்பு மாதத்தில் கஞ்சியும் உண்டு. அப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் ஆள் தங்குவதில்லை. ஈமான் உள்ளவர்கள் இப்படிச் செய்யலாமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: பாய், அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் விடுங்கள். வேறு வேலைக்குப் போனால் ஈமான் குறைந்துவிடாது.

உங்கள் யூனிட்டில் ஒரு பெண் காலையிலிருந்து விளிம்பில் பசை தடவி, மடித்து, சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் இருப்பவர் லைனிங் மட்டும் தைப்பார், அடிப்பாகம் வேறெங்கோ ஒட்டப்படுவதால் முழு ஷூவை இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டார்கள். பீஸ் கெட்டால் மட்டும் சூப்பர்வைசர் குரல் கேட்கும். ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-லேயே இதை எழுதிவிட்டார்கள்: பலவிதக் கைவேலை, முழுசாக முடித்த திருப்தி, அதனால் யாருக்கோ பயன், சொந்தமாக முடிவெடுக்கக் கொஞ்சம் இடம், நன்றாகச் செய்தோமா என்று தெரிவது, இவை இருந்தால்தான் வேலையில் மனசு ஒட்டும். உங்களிடம் இதில் எத்தனை இருக்கிறது?

விரும்பி நிற்பது, வேறு வழியில்லாமல் நிற்பது, நிற்பதுதான் முறை என்று நிற்பது எனப் பற்று மூன்று வகை என்பார்கள். மார்க்கம் மூன்றாவதற்குத்தான் பலம் சேர்க்கும். முதலாவது, செய்யும் வேலையிலிருந்து வர வேண்டும்.

நாலு பேரைக் குழுவாக்கி அப்பரை முதலிலிருந்து கடைசிவரை முடிக்க விடுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். தயாரான ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து மேசையில் வையுங்கள், தொட்டுப் பார்க்கட்டும். ரமலானில், தோல் விளிம்பைப் பிளேடால் சீவும் ஸ்கைவிங்கைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஸஹருக்கு எழுந்தவரை, அஸர் நேரத்தில் கண் சொருகும்போது பிளேடு பக்கம் உட்காரவைக்காதீர்கள், எண்ணிக் கட்டும் வேலையைக் கொடுங்கள்.

அப்புறம் சம்பளம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் முதலாளிக்கானது. பத்தாம் தேதியாகியும் சம்பளம் போடாத ஆபீஸ் சுவரிலும் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்!

பெரும்பாலும் நம் ஆட்கள் என்கிறீர்களே, மீதிப் பேர்? தொழுகை நேரத்தில் அவர்களுக்கும் டீ பிரேக் உண்டா? ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலான் மாதம் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு வேலை தினம் 2 மணி நேரம் குறைவு, நோன்பு வைக்காதவருக்கும் சேர்த்துத்தான்.