மழைக்காலத்தில் குதிரை முதுகில் பொருக்கு: எண்ணெய் தடவலாமா?

கேள்வி: கொடைக்கானலில் சவாரிக்கு விடும் மட்டக்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அதன் முதுகிலும் பின்தொடையிலும் பொருக்குப் பொருக்காக வருகிறது. கை வைத்தால் முடி கொத்தாகக் கழன்றுவிடுகிறது. சொறிதான், வேப்பெண்ணெய் தடவு என்கிறார்கள். தடவலாமா?

பதில்: தடவாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சொறிக்குப் பொருந்தவில்லை. டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியா மழையில் ஊறிய தோலில் உண்டாக்கும் நோய்போலத் தெரிகிறது. ரெயின் ராட் என்பார்கள்.

ஒரு பொருக்கை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முடியெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு சின்ன பெயின்ட் பிரஷ் மாதிரி இருக்கும். அது இருந்த இடம் சிவந்து ஈரமாக இருக்கும், சில சமயம் சீழும் தெரியும். மழைத்தண்ணீர் வழிகிற முதுகு, இடுப்பு, பின்தொடைதான் இதற்குப் பிடித்த இடங்கள். தொட்டால் குதிரை சிலிர்த்து விலகும், ஆனால் பெரிதாக அரிக்காது. சொறி என்றால் சுவரிலும் மரத்திலும் உரசிக்கொண்டே இருக்கும்.

காற்றில்லாத, ஈரமான இடத்தில் இந்தக் கிருமி செழிக்கும். பொருக்கின் மேல் எண்ணெய் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தை மூடி போட்டுப் பாதுகாத்தது போலாகிவிடும். பழைய இன்ஜின் ஆயில் பூசுகிறவர்களும் உண்டு. அது தோலையே பொசுக்கிவிடும்.

முதல் மருந்து காய்ந்த இடம்தான். சவாரி முடிந்ததும் ராத்திரி மழையில் அவிழ்த்துவிடும் பழக்கம் இருந்தால், ஆறும்வரை கூரைக்குக் கீழே கட்டுங்கள். சேணமும் வேண்டாம். வருமானம் போகும், தெரிகிறது. ஆனால் புண்ணின் மேல் சேணம் உரசினால் ஆற வேண்டிய நாள் இன்னும் நீளும்.

அப்புறம், குளோர்ஹெக்சிடின் அல்லது போவிடோன் அயோடின் கலந்த கால்நடை ஷாம்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இளகிய பொருக்கை மட்டும் கையுறை போட்டு எடுங்கள். இளகாததைப் பிய்த்தால் ரத்தம் வரும், குதிரை அடுத்த முறை கிட்டவே விடாது. அலசியதும் துணியால் ஒற்றி நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் கழுவியதே வீண். ஒரு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை செய்யுங்கள். உதிர்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் பொறுக்கி எரித்துவிடுங்கள். புண் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ பென்சிலின் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் அளவு பார்த்துப் போட வேண்டும்.

பொருக்குக்குப் பதிலாக வட்ட வட்டமாக முடி உதிர்ந்து, சேணமும் வாரும் படுகிற இடத்தில் செதில் தட்டினால் அது படர்தாமரை. பூஞ்சை நோய், மனிதருக்கும் ஒட்டும். ஒரே பிரஷ்ஷையும் கம்பளத்தையும் நாலு குதிரைக்குப் போட்டால் நாலுக்கும் வந்துவிடும். பிடரியையும் வால் அடியையும் மட்டும் தேய்த்துத் தேய்த்து மொட்டையாக்கினால், குலிகாய்டஸ் என்ற குட்டி ஈக்களின் கடிக்கு வரும் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். அவை விடியலிலும் அந்தியிலும் அதிகம் கடிக்கும், அந்த நேரத்தில் லாயத்துக்குள் கட்டுவது நல்லது.

நிஜமாகவே சொறியாக இருந்தாலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் குதிரைக்கு ஆகாது. குடல் அசைவு நின்று வயிற்றுவலியில் உயிரே போகலாம். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியும் வேண்டாம், போட்ட இடத்தில் கடுமையான சீழ்க்கட்டி வரக்கூடும். அதே மருந்து குதிரைக்கென்று வாய்வழியாகக் கொடுக்கும் பேஸ்டாக இருக்கிறது, மருத்துவர் எடையைக் கணக்கிட்டுக் கொடுப்பார்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கால் உட்புறத்தில் கயிறு முறுக்கியதுபோல் தடம் தடமாகப் புடைத்து, வரிசையாகக் கட்டிகள் உடைந்து தேன் நிறத்தில் வடிந்தாலோ, மூக்கிலும் சளி ஒழுகினாலோ, கிளாண்டர்ஸ் இருக்கக்கூடும். மனிதரையும் கொல்லக்கூடிய நோய் அது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டியது. வெறுங்கையால் தொடாமல், குதிரையைத் தனியே கட்டிவிட்டு அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.