குப்பைத் தொட்டியிலிருந்து பொருள் எடுப்பதற்கு உள்ளாட்சி மன்றம் கொண்டுவரும் தடையை எப்படி எதிர்ப்பது?

வரைவு விதியை முதலில் ஊன்றிப் படியுங்கள். அத்துமீறி நுழைவதற்கும் குப்பையைச் சிதறவிடுவதற்கும் பொதுவாக ஏற்கெனவே தண்டனை உண்டு. அப்படியிருக்க, பூட்டாத தொட்டியிலிருந்து உறை பிரிக்காத ரொட்டியை எடுத்து, மூடியைச் சாத்திவிட்டுப் போகிறவரைக் குற்றவாளியாக்கத் தனி விதி எதற்கு என்று மன்றக் கூட்டத்தில் கேளுங்கள். பசியோடு வருபவருக்கு அபராதம் விதிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அமெரிக்காவில் என்றால், வீட்டெல்லைக்கு வெளியே வைத்த குப்பைக்கு அந்தரங்கப் பாதுகாப்பு இல்லை என்ற 1988-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா எதிர் கிரீன்வுட் தீர்ப்பைப் பலரும் காட்டுவார்கள்; அது காவல்துறைச் சோதனையைப் பற்றியது, உள்ளாட்சித் தடையை ரத்து செய்யாது என்பதால், அதை மட்டும் நம்பி வாதாட வேண்டாம்.

மாற்று வழியையும் முன்வையுங்கள்: 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே பாழாக்குவதை பிரான்ஸ் 2016-இல் தடை செய்தது. எழுத்துமூலம் கருத்துத் தெரிவிப்பதற்கான கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.