ஒத்துக்கிட்டா கேஸ் முடிஞ்சுதா? வக்கீலம்மா பதில்கள்

கேள்வி: வக்கீலம்மா, அமெரிக்காவுல ஹென்றி லீ லூகாஸ்னு ஒருத்தன் நூத்துக்கணக்குல கொலை பண்ணேன்னு ஒத்துக்கிட்டானாமே, அப்புறம் அதுல முக்காவாசி பொய்ங்கறாங்க. செய்யாத கொலைய எவனாவது செஞ்சேன்னு சொல்லுவானா? (முதுநகர் வாசகர், கடலூர்)

பதில்: சொல்லுவான் ஐயா. அதுக்காக லூகாஸ அப்பாவின்னு நெனச்சிடாதீங்க, 1960ல பெத்த தாயையே கொன்னுட்டு உள்ள போனவன், 1983 ஜூன்ல டெக்சாஸ்ல புடிச்சப்ப ரெண்டு கொலைய ஒத்துக்கிட்டான், அந்த ரெண்டும் அவன் செஞ்சதுதான்னு விவரம் தெரிஞ்சவங்களே சொல்றாங்க. வினை அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்ங்கற அந்த மாநில போலீஸ் பிரிவு அவனுக்குன்னே ஒரு தனி டீம் போட்டாங்க, பல மாநிலத்துலேர்ந்து போலீஸ்காரங்க வருஷக்கணக்கா துப்பு கிடைக்காத ஃபைல கையில எடுத்துக்கிட்டு அவன தேடி வந்தாங்க, ஆமா நான்தான்னு சொன்னா மில்க்ஷேக், சிகரெட், ஸ்பாட்ட காட்டறேன்னு வெளிய கூட்டிட்டுப் போறது, இல்லன்னு சொன்னா திரும்ப ஜெயில் அறைதான். ஃபோட்டோவ காட்டி, ஃபைல காட்டி, இந்த இடமான்னு கேட்டா பதில் அந்த கேள்விக்குள்ளயே இருக்கே! இப்படியே 200 கேஸுக்கு மேல முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க.

அவனுக்கு மரண தண்டனை விழுந்த கேஸையே பாருங்க. 1979 அக்டோபர் கடைசியில டெக்சாஸ்ல ரோட்டோரமா ஒரு பொண்ணோட பிணம் கிடைச்சுது, பேர் தெரியல, கால்ல ஆரஞ்சு கலர் சாக்ஸ் மட்டும். நான்தான்னான். ஆனா அந்த நேரத்துல அவன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஃப்ளோரிடாவுல கூரை வேலை பாத்துக்கிட்டு இருந்ததுக்கு வேலை ரெக்கார்டு இருந்துச்சு. இருந்தும் 1984ல மரண தண்டனை! அடுத்த வருஷமே ஹியூ ஏன்ஸ்வொர்த்ங்கற பத்திரிகைக்காரர் அவன் சொன்ன தேதியையும் அவன் நிஜமா இருந்த ஊரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதினாரு, 1986ல மாநில அட்டர்னி ஜெனரல் ஜிம் மேட்டாக்ஸ் ஆஃபீஸும் அதே மாதிரி ரிப்போர்ட் குடுத்துச்சு. கடைசியில 1998ல அப்ப கவர்னரா இருந்த ஜார்ஜ் புஷ் அந்த மரண தண்டனைய ஆயுள் தண்டனையா குறைச்சாரு. 2001ல ஜெயில்லயே செத்துட்டான்.

கேள்வி: அடிச்சாதானே மேடம் பொய்யா ஒத்துக்குவாங்க? (லாஸ்பேட்டை மாணவி, புதுச்சேரி)

பதில்: அடிக்காமயும் நடக்கும்மா. ஸ்வீடன்ல தாமஸ் குயிக்னு பேரு வெச்சுக்கிட்ட ஸ்டூரே பெரிவால்னு ஒருத்தர், மனநல ஆஸ்பத்திரியில இருந்தவரு, முப்பதுக்கும் மேல கொலைய ஒத்துக்கிட்டாரு, எட்டுல தண்டனையும் ஆச்சு. அங்க யாரும் கை வைக்கல, மயக்கம் குடுக்கற மாத்திரை அள்ளிக் குடுத்தாங்க, சொல்லச் சொல்ல டாக்டர்ங்க இன்னும் இன்னும்னு கேட்டாங்க, வெளிய போக லீவு கிடைச்சப்ப லைப்ரரியில உக்காந்து பழைய பேப்பர்ல கொலைச் செய்தியெல்லாம் படிச்சுட்டு வந்தாரு. ஒரு கேஸ்ல குழந்தையோட எலும்புன்னு காட்டினத பின்னாடி திரும்ப டெஸ்ட் பண்ணா மரத்தூளும் பசையும்! 2008ல எல்லாம் பொய்னு சொன்னாரு, 2013க்குள்ள எட்டு தண்டனையும் ரத்தாச்சு. அத்தனை வருஷமும் அந்த எட்டு கேஸ்லயும் நிஜக் குத்தவாளிய யாரும் தேடவே இல்ல பாருங்க, எனக்கு ஆறவே ஆறாத விஷயம் அதுதான்.

கேள்வி: அப்போ அமெரிக்காவுல சாமுவேல் லிட்டில்னு ஒருத்தன் 93 கொலை பண்ணேன்னு சொன்னத மட்டும் எஃப்பிஐ எப்படி நம்புது? (வில்லியனூர் வாசகர்)

பதில்: மொதல்ல, அந்த ஆளு பல வருஷம் மறுத்துக்கிட்டே இருந்தவன், டிஎன்ஏ பொருந்தி 2014ல மூணு கொலைக்கு தண்டனை ஆனதுக்கு அப்புறமா 2018லதான் வாயத் தொறந்தான். செத்த பொண்ணுங்க முகத்த ஞாபகத்துலேர்ந்து படமா வரைஞ்சு குடுத்தான், சில கேஸ் போலீஸ் கணக்குல கொலைன்னே இல்ல. 2019ல ஐம்பது வரைக்கும் சரிபாத்துட்டோம், மத்ததும் நம்பற மாதிரி இருக்குன்னு எஃப்பிஐ சொல்லுச்சு. சரிபாக்காத மிச்சத்த நான் இன்னும் சந்தேகத்தோடதான் பாப்பேன். போலீஸுக்கே தெரியாத ஒண்ண அவன் சொல்லி, போய் பாத்தா அது அங்க இருக்கணும், அதத்தான் நான் கேப்பேன்.

கேள்வி: நம்ம ஊர்ல இப்படி பழைய கேஸெல்லாம் ஒரே ஆள் மேல போட்டு முடிக்க முடியுமா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: சட்டப்படி கஷ்டம். போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டத கோர்ட்ல சாட்சியமா வெக்க முடியாது, பழைய எவிடன்ஸ் ஆக்ட்ல 25வது பிரிவு, 2024 ஜூலையிலேர்ந்து அதுக்கு பதிலா வந்த புது சாட்சியச் சட்டத்துல 23. அவன் சொன்னத வெச்சு பொருள் கிடைச்சா, அந்த ரெக்கவரிக்கு நேரா சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன்னாடி குடுக்கற வாக்குமூலம் செல்லும், அதுக்கும் நீ சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொன்னா உனக்கு எதிரா திரும்பும்னு மொதல்ல எடுத்துச் சொல்லணும்.

ஆனா அதுவும் போதாதுன்னு நிதாரி கேஸ் காட்டிடுச்சு. நொய்டாவுல 2006ல குழந்தைங்க எலும்பா கிடைச்ச அந்த கொடுமை, மறக்க முடியுமா? அங்க ஒரு வீட்டுல வேலைக்காரனா இருந்த சுரேந்தர் கோலி மாஜிஸ்திரேட்கிட்டயே ஒத்துக்கிட்டான், ஆனா சுமார் 60 நாள் போலீஸ் கஸ்டடியில இருந்ததுக்கு அப்புறம். 2023ல அலகாபாத் ஹைகோர்ட் 12 கேஸ்ல விடுதலை பண்ணுச்சு, மிச்சம் இருந்த கடைசி கேஸ்லயும் 2025ல சுப்ரீம் கோர்ட் விட்டுடுச்சு. விட்டுட்டாங்களேன்னு திட்றவங்க, வாக்குமூலம் கிடைச்சுதுன்னு மத்த சாட்சியத்த ஒழுங்கா சேக்காம விட்டவங்கள ஏன் கேக்க மாட்டேங்கறாங்க?

கேள்வி: இத்தனை வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தன் ஒத்துக்கிட்டான், குடும்பத்துக்கு ஒரு பதில் கிடைச்சுது, அத போய் ஏம்மா கிண்டணும்? (பண்ருட்டி வாசகி)

பதில்: பொய்யான பதில வெச்சுக்கிட்டு அந்தக் குடும்பம் எப்படிம்மா நிம்மதியா இருக்கும்? அந்த ஆரஞ்சு சாக்ஸ் பொண்ணு யாருன்னு 2019லதான் தெரிஞ்சுது, நாப்பது வருஷம் ஆச்சு. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு பழைய கேஸ் இருந்து, போலீஸ் திடீர்னு ஆள் ஒத்துக்கிட்டான்னு சொன்னா, என்ன ரெக்கவரி, டிஎன்ஏ பாத்தாங்களா, அந்த தேதியில அவன் எங்க இருந்தான்னு மூணையும் எழுத்துல கேளுங்க. பதில் சரியில்லன்னா மேல் விசாரணை வேணும்னு கோர்ட்ல மனு போடலாம், குற்றப்பத்திரிகை போட்டதுக்கு அப்புறமும் அதுக்கு வழி இருக்கு, பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 193(9) பிரிவு. கொலைக்கு காலாவதி கிடையாது. எஃப்ஐஆர் நகல் தொலைஞ்சிருந்தா மொதல்ல அத வாங்கி வைங்க, அது இல்லாம வக்கீலுக்கு மனு எழுதறது கஷ்டம்.