மூடிய பியேவ்ர் ஆற்றின் மேல் வீடு வாங்கலாமா?

கேள்வி: பாரிஸுக்குத் தெற்கே கஷான் நகரில் நிலவறையோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அடியில் பியேவ்ர் ஆறு ஓடுகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அதை எப்போதோ மூடிவிட்டார்கள், இப்போது ஆறே கிடையாது" என்கிறார் தரகர். யாரை நம்புவது?

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை நம்புங்கள். மேலே மூடி போட்டதால் தண்ணீர் தன் வழியை மறந்துவிடாது.

பியேவ்ர் வெர்சாய்க்கு அருகே குயான்கூரில் பிறக்கிறது. ழூய்-ஆன்-ழோசா, இஞி, மாஸி வழியாக அந்தோனி வரை பெரும்பாலும் திறந்த ஓடை. பிறகு ஃப்ரேன், லாய்-லெ-ரோஸ், கஷான், ஆர்க்கெய், ழான்தியி தாண்டிப் பாரிஸின் 13, 5ஆம் வட்டாரங்களுக்குள் புகுந்து, ஒஸ்தெர்லிட்ஸ் அருகே செய்ன் நதியில் கலந்தது. மொத்தம் சுமார் 35 கி.மீ. தோல் பதனிடுவோரும் சாயக்காரர்களும் சலவைக்காரர்களும் கொட்டிய கழிவில் நாறிப்போனதால், பாரிஸுக்குள் 1912இல் மூடி முடித்தார்கள். புறநகரில் அந்த வேலை 1950கள் வரை நீண்டது. ஃப்ரேனில் 2003இலும் லாய்-லெ-ரோஸில் 2016இலும் ஆர்க்கெய், ழான்தியி பக்கம் 2022இலும் சில நூறு மீட்டர்களை மீண்டும் திறந்திருக்கிறார்கள்.

தரகர்கள் சொல்லாத விஷயம், இந்த ஆற்றுக்கு இரண்டு படுகை உண்டு என்பது. ஆலைகளைச் சுழற்ற மேட்டில் ஓட்டிய கிளை ஒன்று. பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் கிடந்த பழைய கிளை இன்னொன்று. "ஆறு அந்தத் தெருவுக்கு அப்பால்தான்" என்று ஒன்றை மட்டும் காட்டிச் சமாளிப்பார்கள். பிரான்ஸின் தேசியப் புவியியல் நிறுவனம் பழைய வரைபடங்களையும் 1950களின் வான்படங்களையும் இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. முகவரியைத் தட்டி இரண்டு கோடுகளையும் தேடுங்கள்.

நிலவறைக்குள் தண்ணீர் இரண்டு வழியில் வரும். நிலத்தடி நீர் மெல்லக் கசிந்தால் சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூக்கும். கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கோடை இடிமழையில் சாக்கடைக் குழாய் நிரம்பினால், கழிவுநீர் தரைத் துளை வழியாகத் திரும்பி மேலே வரும். முதலாவதற்குப் பம்பும் வடிகாலும் வேண்டும், இரண்டாவதற்கு ஒருவழி வால்வு. வால்வு மாட்டினால் கசிவு நிற்காது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பணம் பறிப்பவர்கள் உண்டு.

வீடு இருக்கும் இடத்தின் வெள்ளம் போன்ற ஆபத்துகளைச் சொல்லும் இடர் அறிக்கையை விற்பவர்தான் தரவேண்டும், அதுவும் முதல் முறை வீடு பார்க்கும்போதே. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். அரசின் ஜியோரிஸ்க் இணையதளத்தில் அது இலவசம். அதற்கென்று உங்களிடம் யூரோ கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்பவும் வேண்டாம். அரசு வகுத்த இடர்ப் பகுதிகளைத்தான் அது சொல்லும், வீட்டுக்கு அடியில் போகும் குழாயைத் தனியாகச் சொல்லாது. ஆற்றுக்கு ஒரு அலுவலகம், சாக்கடைக்கு இன்னொன்று, கட்டட அனுமதிக்கு நகரமன்றம் என்று பிரித்து வைத்துவிட்டு, வாங்குகிறவரை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்துகிறார்கள். மூன்று இடத்திலும் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

ஆற்றின் மேல்பகுதியில் இஞி, ழூய் பக்கம் திறந்த ஆற்றை ஒட்டித் தோட்டத்தோடு வாங்குபவர்களுக்குச் சட்டமே வேறு. இது அரசு நதி இல்லை. படுகையின் பாதி கரைக்காரருக்குச் சொந்தம். தண்ணீர் மட்டும் அவருடையதல்ல. விழுந்த மரத்தை எடுப்பது, அடைப்பை நீக்குவது, கரைச் செடிகளை வெட்டுவது எல்லாம் அவர் செலவு. இரு கரையும் ஒருவருக்கே என்றால் முழுப் படுகையும் அவர் பொறுப்பு. தரகர் "ஆற்றோர வீடு" என்று விலையை ஏற்றுவார், இந்தச் செலவைச் சொல்லமாட்டார்.

வீடு வாங்கும் முன்ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். மழை பெய்த மறுநாள் நிலவறைக்குள் இறங்கிப் பாருங்கள். விலகுவதானால் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தரகரிடம் வாயால் சொன்னது செல்லாது.