தூரத்தில் பேரிடர் நடந்தால் இங்கிருந்து எப்படி உதவுவது? பழைய துணி அனுப்பலாமா?

தயவுசெய்து பழைய துணி மட்டும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் லாரி லாரியாக வந்திறங்கிய பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இழந்து நிற்பவரிடம் சாயம்போன சட்டையை நீட்டுவது அவரை மேலும் நோகடிக்கும். அதைப் பிரித்து அடுக்கவும் அப்புறப்படுத்தவும் ஆள் வேறு வேண்டும்.

பணமாகக் கொடுங்கள். தேவையானதைப் பக்கத்து ஊர்க் கடையிலேயே புதிதாக வாங்கிக்கொள்வார்கள். வயநாடு நிலச்சரிவு என்றால் கேரள முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடை நம்பாமல், அரசு இணையதளத்தில் கணக்கு விவரத்தை நீங்களே பார்த்து அனுப்புங்கள்.

நேரில் போகலாமா என்றால், மீட்புப் பயிற்சி இல்லாதவர்கள் போகாமல் இருப்பதே நல்லது. 2024 ஜூலை 30 அன்று வயநாடு நிலச்சரிவில் சூரல்மலை என்ற ஊரில் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. ராணுவம் இரும்புப் பாலம் அமைத்த பிறகுதான் கனரக வண்டிகள் அக்கரையில் இருக்கும் முண்டக்கைப் பக்கம் சிரமமின்றிப் போக முடிந்தது. அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க வரும் ஒவ்வொரு காரும் ஆம்புலன்ஸுக்கு இடைஞ்சல்.

அப்புறம், முடிந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை கொடுங்கள். முதல் வாரம் குவியும் உதவி சீக்கிரமே வற்றிவிடும். வீட்டு வாடகை, வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.